நாயின் குணம் மாறும்போது கமக்காரர் கவனிக்க வேண்டியவை

வயலும் தோட்டமும் உடைய வீட்டில் நாயும் ஒரு வேலையாளே. இரவில் மரவள்ளித் தோட்டத்துட் பன்றி நுழைவதையும், களத்தில் வைத்த சூட்டை மாடு இழுப்பதையும், படலையைத் திறந்து அயலான் வருவதையும் முதலில் அறிவது நாயாகும். கூலியாக அது பெறுவது வீட்டில் எஞ்சிய சோறு மட்டுமே. ஆயினும், மாடு ஒரு வேளை தீனி தின்னாவிடின் வீட்டார் அனைவரும் கொட்டிலிற் கூடுவர். நாய் இரண்டு நாள் தின்னாவிடின், எங்கேயோ தின்றுவிட்டு வந்திருக்கிறது என்று கூறி விட்டுவிடுவர். இந்த அசட்டையினால் நாய் மட்டுமன்றி, சிற்சில வேளைகளில் வீட்டிலுள்ள பிள்ளையும் உயிரிழக்க நேரிடுகிறது. ஆதலின், நாயின் நடத்தையில் எது இயல்பு, எது நோவு, எது ஆபத்து என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

இயல்பான செயல்கள்

நாய் செய்யும் விநோதங்கள் எல்லாம் நோயின் குறிகள் அல்ல. படுக்குமுன் இரண்டு மூன்று முறை சுற்றி வருதல், எலும்பைப் புதைத்தல், புல்லைத் தின்று கக்குதல், நாற்றமுள்ள பொருளின்மேற் புரளுதல் ஆகியன அதன் பிறவிக் குணங்கள். புதிதாக நட்ட மிளகாய்க் கன்றுகளைக் கிளறி எறிந்துவிட்டுப் பாத்தியிற் படுக்கும் நாயும் தோட்டக்காரர்மீது வன்மங் கொண்டு அவ்வாறு செய்வதில்லை. நாய்க்கு உள்ளங்கால்களைத் தவிர வேறு இடங்களில் வியர்வை பெரிதும் சுரப்பதில்லை. ஆகவே வெயில் ஏறியதும் அது நீர் பாய்ச்சிய குளிர்ந்த மண்ணை நாடுகிறது. கொட்டிலின் நிழலிற் சிறு குழியொன்றை வெட்டி, நாள்தோறும் அதில் ஒரு வாளி நீர் தெளித்துவிட்டால் பாத்தி தப்பும்.

இரவில் நாய் ஊளையிட்டால் இழவு வரும் என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. மனிதரின் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஓசையையே உணரும். நாயின் செவியோ 40,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஓசையையும் உணர வல்லது. வீட்டார் ஒன்றையும் கேளாத வேளையில் நாய் எங்கோ தொலைவில் எழுந்த ஒலியைக் கேட்டு மறுகுரல் கொடுக்கிறது. அதனைக் கல்லால் எறிந்து துரத்துவதிற் பயனில்லை. ஆனால், ஒருபோதும் ஊளையிடாத நாய் திடீரெனக் கரகரத்த குரலில் ஊளையிடத் தொடங்குமாயின் அது வேறு காரியம். அதைப்பற்றிக் கீழே கூறப்படும்.

எனவே நாயின் ஒரு செயலைக் கண்டதும் கமக்காரர் தமக்குள் கேட்க வேண்டியவை மூன்று: இந்த நாய்க்கு இது புதிய பழக்கமா? எந்த நாளில் தொடங்கியது? அதற்கு முன்னர் வீட்டிலோ தோட்டத்திலோ என்ன நடந்தது? மிருக வைத்தியரும் முதலில் இவற்றையே கேட்பார். விடை கூற வல்லவர் நாய்க்குச் சோறு வைப்பவரே. அநேகமான வீடுகளில் அவர் இல்லத்தலைவியாயிருப்பார். நாயை வைத்தியரிடம் கொண்டு செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்வது புத்தி.

அச்சமும் நோவும்

வரண்ட வலயத்துக் கிராமங்களில் யானைகளை விரட்டுவதற்கு வெடி கொளுத்துவது வழக்கம். வருடப்பிறப்பு, தீபாவளி நாள்களில் எங்கும் வெடிச்சத்தம் கேட்கும். ஐப்பசியில் இடிமுழக்கம் மிகும். இக்காலங்களிற் சில நாய்கள் நடுங்கி, வீணீர் வடித்து, கட்டிலின்கீழ் ஒளிக்கும். சில கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, வீடு திரும்ப வழி அறியாது அலையும். அச்சங்கொண்ட நாயை அடித்தால் அச்சம் இரட்டிக்குமேயன்றிக் குறையாது. அது ஒளிக்க விரும்பும் இருட்டான மூலையை அதற்கு விட்டுக்கொடுத்து, கதவைச் சாத்திவிடுதல் போதுமானது. ஓசை ஓய்ந்து சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால் அது அச்சமே.

நல்ல குணமுள்ள நாய் தொட்டவுடன் சீறிக் கடிக்க வருமாயின், முதலில் உடல் நோவைச் சந்தேகிக்க வேண்டும். காதினுட் புண், சொத்தைப் பல், காலிற் புதைந்த முள், இடுப்பில் அடி ஆகியன நாயின் குணத்தை ஒரே நாளில் மாற்றிவிடும். உண்ணிகள் மிகுந்த நாய் அவற்றாற் பரவும் காய்ச்சலினால் ஈறு வெளுத்து, எழும்ப மனமின்றிக் கிடக்கும்; எழுப்ப முயல்பவரை உறுமும். வயது முதிர்ந்த நாய் சுவரைப் பார்த்து நின்றாலும், தெரிந்தவரைக் கண்டு குரைத்தாலும், கண்ணோ செவியோ கெட்டிருத்தல் கூடும். இவ்வாறான நாய்க்குப் பின்புறமாகச் சென்று கை வைத்தலாகாது. பெயர் சொல்லி, அது திரும்பிப் பார்த்த பின்னரே நெருங்க வேண்டும்.

குட்டி ஈன்ற பெட்டை நாய் எசமானனையே உறுமுவது எல்லோரும் அறிந்தது. குட்டி ஈனாத பெட்டை நாயும் அவ்வாறு செய்வதுண்டு என்பதைப் பலர் அறியார். பருவகாலம் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் சென்றதும், சினைப்படாத நாய்க்கும் மடி பருத்துப் பால் சுரக்கலாம். அது பழைய செருப்பையோ தேங்காய் மட்டையையோ மூலைக்குக் கொண்டு சென்று குட்டியைப்போற் காத்துக் கிடக்கும். இது பேயும் அன்று, செய்வினையும் அன்று. இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் தானே நீங்கும். அதுவரையில் அந்தச் செருப்பை எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதிருந்தால் சரி.

பகலும் இரவும் குறுஞ்சங்கிலியிற் கட்டுண்ட நாய், கட்டுத்தறியையே வட்டமிட்டு, தன் வாலைத் தானே கடித்து, நிழல் அசைந்தாலும் குரைத்து, ஈற்றில் அவிழ்த்துவிட்டவுடன் எதிர்ப்பட்டவரைக் கடிக்கும். நல்ல காவல் நாய் வேண்டுமென்று கட்டி வைத்தவர், கள்ளனையும் உறவினனையும் பிரித்தறியாத நாயையே பெறுகிறார். இரண்டு மரங்களுக்கு இடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி, சங்கிலியின் வளையத்தை அதிற் கோத்துவிட்டால் நாய் அங்குமிங்கும் நடமாடலாம். நிழலும் நீரும் அது எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

வீணீர் வடியும் நாய்

இனிக் கூறப்போவது இத்துண்டுப் பிரசுரத்தின் முக்கியமான பகுதியாகும். கமக்காரர் வீடொன்றிற் பின்வருமாறு நடக்கக்கூடும். விடியற்காலையில் நாய் வாயைத் திறந்தபடி கொட்டிலின் மூலையில் நிற்கிறது. வாயிலிருந்து வீணீர் நூலாக வடிகிறது. வைத்த சோற்றை முகர்ந்துவிட்டு விடுகிறது. தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது என்று எண்ணிய வீட்டுக்காரர், மகனை நாயின் தலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அதன் வாய்க்குள் விரலை இட்டுத் தேடுகிறார். முள் ஒன்றும் அகப்படவில்லை. விரலில் நாயின் பல் சிறிது கீறிவிடுகிறது. அவர் அதை வேட்டியில் துடைத்துவிட்டுத் தண்ணீர் கட்ட வயலுக்குச் செல்கிறார்.

அவர் செய்ததிற் கருணை இருந்தது. எனினும் அதனினும் ஆபத்தான செயல் வேறில்லை. ஏனெனில் வீணீர் வடிதலுக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. வெளிப்பார்வைக்கு அவை ஒன்றுபோலவே தோன்றும்.

முதலாவது, உண்மையாகவே எலும்போ முள்ளோ சிக்குதல். இந்நாய் பெரும்பாலும் முன்னங்கால்களால் வாயைச் சுரண்டிக்கொண்டேயிருக்கும். இக்குறியை நம்பிக் கையை இடுதல் மட்டும் கூடாது.

இரண்டாவது, பூச்சிகொல்லி நஞ்சு. இது தோட்டக்காரரின் வீட்டிலேயே உண்டாகும் கேடாதலின் சற்று விரிவாகக் கூறவேண்டும். மருந்து தெளித்த பாத்தியில் நடந்த நாய் பின்னர் தன் பாதங்களை நக்குகிறது. தெளிகருவியைக் கழுவிய நீர் தேங்கிய பள்ளத்திற் குடிக்கிறது. நஞ்சு உண்டு இறந்த எலியையோ காகத்தையோ தின்கிறது. இவற்றைக் காட்டிலும் மோசமானது, உண்ணியைக் கொல்வதற்காகக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் மருந்தை நாயின் உடலிற் பூசும் வழக்கம். பயிருக்கு உரிய மருந்து நாயின் தோலூடாக உட்சென்று நரம்புகளைத் தாக்கும். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வீணீரும் கண்ணீரும் பெருகி, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கி, வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகி, தசைகள் துடித்து, நாய் தள்ளாடி விழும். அயலவர் இதனை விசரென்று கருதி அடித்துக் கொன்றுவிடுவதும் உண்டு. காலந்தாழ்த்தாது கொண்டு சென்றால் மிருக வைத்தியர் இந்நஞ்சுக்கு மாற்று மருந்து ஏற்றிப் பிழைப்பிக்கக் கூடும். மருந்துப் போத்தலையும் அதன் ஒட்டுத்தாளுடன் எடுத்துச் செல்ல வேண்டும். உடலில் நஞ்சு பட்டிருந்தால், கையுறை அல்லது பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு சவர்க்காரமிட்டுக் கழுவலாம். உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுப்பித்தல் தவறு. தள்ளாடும் நாய்க்கு அது சுவாசப்பையினுட் செல்லும். எலிப்பாஷாணங்களிற் சில வகை இவ்வாறு உடனே குறி காட்டுவதில்லை. தின்று மூன்று நான்கு நாள் சென்றபின், ஈறு வெளுத்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் கண்டு, நாய் சோர்ந்து விழும்.

மூன்றாவது, பாம்புக்கடி. புடையன் கடித்தால் முகமோ முன்னங்காலோ விரைவாக வீங்கும். நாகமும் விரியனும் கடித்தால் பின்னங்கால்கள் சோர்ந்து, கண்ணிமை தொங்கி, விழுங்க முடியாமல் வீணீர் வடியலாம். வரம்பில் எலி பிடிக்கும் நாய்களுக்கு அறுவடைக் காலத்தில் இது நேர்வதுண்டு. கடிவாயை வெட்டுதலும் இறுகக் கட்டுதலும் வேண்டாம். வைத்தியரிடம் எவ்வளவு விரைவிற் சேர்க்கலாமோ அவ்வளவு விரைவிற் சேர்க்க வேண்டும்.

நான்காவது, விசர்நோய். இந்த நான்கையும் முற்றத்தில் நின்று கண்ணாற் பார்த்துப் பிரித்தறிய வைத்தியராலும் எப்பொழுதும் இயலாது. ஆதலால் விதி ஒன்றே: வீணீர் வடியும் நாயின் வாய்க்குள் எக்காரணம் கொண்டும் கையை இடலாகாது.

விசர்நோயின் குறிகள்

இந்நோய் நுண்ணிய வைரசு ஒன்றினால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ள வைரசு, கடியின் மூலமாகவோ, புண்ணை நக்குவதன் மூலமாகவோ உட்சென்று, நரம்பின் வழியே மெல்ல மூளையை அடைகிறது. கடியுண்ட நாய்க்குக் குறிகள் தோன்ற இரண்டு வாரம் முதற் பல மாதங்கள் வரை செல்லலாம். இதனாற்றான், மாரியிற் கட்டாக்காலி நாயோ நரியோ கடித்ததை வீட்டார் மறந்துவிட்டபின், சிறுபோக விதைப்பு வேளையில் நோய் தலைகாட்டுகிறது.

முதற்குறி பெரும்பாலும் குண மாற்றமே. துடியான நாய் ஒதுங்கி இருட்டை நாடும். ஒதுங்கியிருந்த நாயோ அளவுக்கு மீறி அன்பு காட்டிக் கையையும் காலையும் ஓயாது நக்கும். இரண்டாவது கூறிய நாயையே மக்கள் சந்தேகிப்பதில்லை. அதன்பின் நோய் இரண்டு வழியில் ஒன்றிற் செல்லும். வெறிகொண்ட வகையில் நாய் கல், மண், தடி ஆகியவற்றைக் கடித்து விழுங்கும். இல்லாத ஈயைப் பிடிப்பதுபோல் வெறுவெளியைக் கவ்வும். தொண்டைத் தசைகள் தளர்வதாற் குரல் கரகரத்து ஊளையில் முடியும். நெடுந்தூரம் ஓடி எதிர்ப்பட்டவற்றைக் கடிக்கும். ஊமை வகையில் அது ஒருவரையும் துரத்தாது. கீழ்த்தாடை தொங்க, வீணீர் வடிய, மூலையில் சோர்ந்து நிற்கும். மேலே கூறிய வீட்டுக்காரர் விரலிட்ட நாய் இவ்வகையினதாயிருந்தாலும் இருக்கலாம். குறிகள் தோன்றிய நாய் சில நாள்களில், பெரும்பாலும் 10 நாளுக்குள், இறந்துவிடும்.

விசர்பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு ஓடும் என்று பலர் நம்புகின்றனர். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது இந்நோய் கண்ட மனிதரிடம் காணப்படும் குறி. நாயோ வாளியருகே சென்று குடிக்க முயலும். விழுங்க மாட்டாது நிற்கும். நீரில் வாய் வைத்த நாய்க்கு விசர் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை.

இளநாய்களுக்கு ‘டிஸ்டெம்பர்’ என்னும் வேறொரு தொற்றுநோயும் உண்டு. கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, இருமி, சில வாரங்களின் பின் காலோ தாடையோ ஓயாது துடிக்கும். அது மனிதருக்குத் தொற்றாது. எனினும் துடிக்கும் நாயைக் கண்டதும் அதுதான் இது என்று வீட்டாரே முடிவு செய்தல் தகாது.

சந்தேகமுள்ள நாயை, ஆபத்தின்றி இயலுமாயின், ஓர் அறையிலோ கூட்டிலோ அடைத்து, மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும். யாரையேனும் கடித்த நாயை உடனே கொன்றுவிடுவது அறிவீனம். அடைத்து வைத்த நாய் கடித்த நாளிலிருந்து 10 நாள் நலமாக உயிரோடிருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் நோய் இருக்கவில்லை என்பது தெளிவாகும். கொன்றுவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். நாய் இறந்தால் அதன் மூளையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற் பரிசோதிப்பிக்கலாம். தடியினால் தலை சிதைக்கப்பட்ட நாயில் இப்பரிசோதனை செய்வது கடினம். தலையை வெட்டி எடுக்கும் வேலையை வீட்டார் தாமே செய்யலாகாது. உடலைத் தொடாமல் மூடி வைத்து உத்தியோகத்தருக்கு அறிவித்தாற் போதும்.

கடியுண்டவர் செய்ய வேண்டியது

கடியோ கீறலோ எவ்வளவு சிறிதாயினும், உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் கிணற்று நீரை மொண்டு ஊற்ற மற்றவர் கழுவலாம். நீரிறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் குழாய்நீரும் உதவும். 15 நிமிடம் என்பது எண்ணுவதினும் நீண்ட நேரம். மணிக்கூட்டைப் பார்த்தே கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள், எண்ணெய் ஆகிய எதனையும் புண்ணில் இடலாகாது. அவை வைரசைக் கொல்வதில்லை, புண்ணையே கெடுக்கும்.

கழுவியபின் அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஊசி உடனே தொடங்குவதா, நாயைக் கவனிக்கும் வரை பொறுப்பதா என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியரே. நாய் சாகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என வீட்டிலிருப்போர் உயிரோடு விளையாடுகிறார். தலையிலும் முகத்திலும் கையிலும் கடியுண்டவர் சிறிதும் தாமதிக்கலாகாது. 1885 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்நோய்த் தடுப்பு மருந்தை முதன்முதல் ஏற்றினார், அவன் பிழைத்தான். இன்றைய மருந்து அன்றையதினும் சிறந்தது. ஆனால் மனிதரிடம் நோயின் குறிகள் தோன்றியபின் மருந்து ஏற்றி ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஏற்றத் தொடங்கிய ஊசிகளை, புண் ஆறிவிட்டது, அறுவடை வந்துவிட்டது என்று இடையில் விடுதலும் கூடாது.

பிள்ளைகள் ஏச்சுக்கு அஞ்சி நாய்க்கீறலை மறைப்பதுண்டு. நாய் கடித்தது என்று வந்து கூறும் பிள்ளையை அடிக்காத வீட்டில்தான் அடுத்த முறையும் பிள்ளை வந்து கூறும்.

மாடும் ஆடும்

விசர்நாய் பட்டியிற் புகுந்தால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்நோய் வரும். நோயுற்ற மாடு காரணமின்றிக் கதறும், வீணீர் வடிக்கும், தொண்டையில் மாங்கொட்டை சிக்கியதுபோல் விழுங்க மாட்டாது நிற்கும். அந்தத் தொண்டைக்குள்ளும் கையை விட்டுத் தேடுவோர் உளர். நாயைப்பற்றிக் கூறிய விதியே இங்கும் பொருந்தும். அம்மாட்டின் பாலைக் கறக்கவோ, இறைச்சியை எடுக்கவோ, உடலை வெட்டவோ கூடாது.

தடுப்பூசி

இலங்கையில் இந்நோயைத் தடுப்பதற்கு 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் ஆக்கப்பட்டது. எனினும் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அதன்பின் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி ஏற்றப்பட்டமையால் ஆண்டொன்றில் இறப்போர் தொகை சில பத்துக்களாகக் குறைந்தது. எஞ்சிய சாவுகளும் தடுக்கத்தக்கவையே. வீட்டு நாய் ஒவ்வொன்றுக்கும், காவற்குடிலில் விடப்பட்ட நாய்க்கும், எலி பிடிக்க வளர்க்கும் பூனைக்கும், ஆண்டுதோறும் ஊசி ஏற்றுவிக்க வேண்டும். தோட்டத்து நாய்தான் நரியையும் கீரியையும் கட்டாக்காலி நாயையும் முதலிற் சந்திக்கிறது. ஆயினும் ஊசி ஏற்றும் நாளில் அதைப் பிடித்துக்கொண்டு வர ஆள் இல்லை என்று விடுபடுவதும் அதுவே. ஊசி ஏற்றும் நாள் அறிவிக்கப்பட்டவுடன், முதல்நாள் மாலையிலேயே அதைக் கட்டி வைத்தல் வேண்டும்.

ஊசி ஏற்றிய நாயாயினும், வேற்று நாயோ நரியோ கடித்தால் மீண்டும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஊசி ஏற்றியதற்குத் தரப்படும் அட்டையை, விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பெற்ற சிட்டைகளோடு ஒரே உறையில் இட்டு, வீட்டார் எல்லோரும் அறிந்த இடத்தில் வைத்தல் நன்று. ஒருவர் கடியுண்டு வைத்தியசாலைக்குச் செல்லும்போது வைத்தியர் அந்த அட்டையைக் கேட்பார்.